ரெசின் பாகம் பொருந்தவில்லையா? கோளாறைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

நான் 1/48 அளவில் மிக்-21 மாடல்கள் கட்டுகிறவன். 1963 முதல் 2025 செப்டம்பர் 26 வரை இந்திய விமானப் படையில் பணியாற்றிய அந்த விமானத்தின் நீலப்பச்சைக் காக்பிட்டை, கிட்டோடு, அதாவது மாடல் பாகங்கள் அடங்கிய பெட்டியோடு, வரும் பிளாஸ்டிக்கில் அரைகுறையாக விட்டுவிட எனக்கு மனம் வருவதில்லை. அதனால் தனியாக விற்கும் ரெசின் (அச்சில் ஊற்றி இறுகவைக்கும் செயற்கைப் பிசின்) காக்பிட், விமானியின் கேஎம்-1 இருக்கை, சக்கரங்கள், எக்ஸாஸ்ட் (வாலில் இருக்கும் எஞ்சின் புகைவாய்) என்று வாங்கிப் பொருத்துகிறேன். எனக்கும், என்னிடம் மாடலைத் தூக்கிக்கொண்டு வரும் நண்பர்களுக்கும் திரும்பத் திரும்ப வருபவை அதே சில கோளாறுகள்தான். அவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். வேறு விமானம் கட்டுகிறவர்களுக்கும் இதே வழி பொருந்தும்.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இரண்டு காரியம். ரெசின் தூளை மூச்சில் இழுக்கக் கூடாது: தேய்ப்பதெல்லாம் தண்ணீரில் நனைத்த உப்புத்தாளில், அறுக்கும்போது என்-95 முகக்கவசம். இரண்டாவது, பசைக் குப்பியை மேசையிலிருந்து எடுத்து வேறு இடத்தில் வையுங்கள். கையெட்டும் தூரத்தில் இருந்தால் அவசரப்பட்டு ஒட்டிவிடுவோம். என்னிடம் வந்த மாடல்களில் பாதிக்கு மேல் அப்படிக் கெட்டவைதான்.

## காக்பிட்டை வைத்தால் உடலின் இரு பாதிகளும் மூடவில்லை

அதிகம் வரும் கோளாறு இதுதான். உடனே உப்புத்தாளை எடுக்காதீர்கள். எங்கே முட்டுகிறது என்று தெரியாமல் தேய்த்தால் தேய்க்கக் கூடாத இடம்தான் தேயும். காக்பிட்டை உள்ளே வைத்து, இரு பாதிகளையும் மாஸ்கிங் டேப்பால் மூன்று இடத்தில் கட்டி, இடைவெளி எந்தப் பக்கம் என்று பாருங்கள்.

### இடைவெளி அடிப்பக்கம் இருந்தால்

காக்பிட்டின் தரை தடிமனாக இருக்கிறது என்று பொருள். வார்ப்பின்போது ரெசினை ஊற்றிய வாயில் மிஞ்சி நிற்கும் கட்டியை முழுவதும் எடுக்காமல் விட்டிருப்பீர்கள். கண்ணாடித் துண்டின் மேல் 240 எண் உப்புத்தாளை வைத்து, தண்ணீர் விட்டு, காக்பிட்டின் அடியை எட்டு போடுவது போலச் சுழற்றித் தேயுங்கள். இருபது சுற்றுக்கு ஒருமுறை விளக்கின் எதிரே பிடித்துப் பாருங்கள். தரை வழியாக வெளிச்சம் மங்கலாக ஊடுருவத் தொடங்கும் இடத்தில் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கால்மிதி இருந்த இடத்தில் ஓட்டைதான் இருக்கும்.

அடி மெலிந்த பிறகும் மூடவில்லையென்றால் முன்சக்கரக் குழியைப் பாருங்கள். மிக்-21-இல் காக்பிட் தரையும் முன்சக்கரக் குழியின் கூரையும் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று உட்காருகின்றன. இரண்டையும் தனித்தனியாக வைத்துப் பார்த்தால் சரியாக இருக்கும். சேர்த்து வைத்தால்தான் முட்டும். ஒருமுறை ஒன்றரை மில்லிமீட்டர் இடைவெளியை மூட முடியாமல் இரண்டு நாள் பக்கச்சுவர்களைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் காக்பிட்டைத் தலைகீழாகத் திருப்பி விரலால் தடவியபோது, சக்கரக் குழியின் கூரையைத் தொடும் இடத்தில் கடுகளவு ரெசின் முண்டு தட்டுப்பட்டது. கத்தி நுனியால் ஒரு சீவல். உடல் மூடிக்கொண்டது. அன்றிலிருந்து கண்ணை நம்புவதற்கு முன் விரலால் தடவிப் பார்க்கிறேன்.

### இடைவெளி மேல்பக்கம் இருந்தால்

முட்டுவது பக்கச்சுவர். இங்கே மூன்று காரணங்கள், எளியதிலிருந்து தொடங்குகிறேன்.

முதலாவது, கிட்டின் உட்சுவரில் ஏற்கெனவே வார்த்திருக்கும் விவரங்கள். சுவிட்சுப் பெட்டி, விலா வரிகள், அச்சிலிருந்து பாகத்தைத் தள்ளிய ஊசியின் வட்டத் தடம் எல்லாவற்றையும் மழித்தாக வேண்டும். பலர் பெரிய மேடுகளை எடுத்துவிட்டு வட்டத் தடங்களை விட்டுவிடுகிறார்கள்.

இரண்டாவது, கருவிப் பலகை. காக்பிட் தனியாகச் சரியாக உட்கார்ந்து, பலகையை வைத்ததும் விரிகிறதா? பலகையின் இரு ஓரங்களையும் சமமாக அரத்தால் குறையுங்கள். ஒரே பக்கம் குறைத்தால் பலகையின் மேலிருக்கும் குறிபார்க்கும் கருவி நடுவிலிருந்து விலகிப்போகும்.

மூன்றாவது, பிளாஸ்டிக் சுவரின் தடிமன். இங்கேதான் பொறுமை வேண்டும். ரெசினின் வெளிப்பக்கத்தில் கண்மையை மெல்லிதாகத் தடவி, உடலை மூடித் திறங்கள். முட்டும் இடம் பிளாஸ்டிக்கில் கறுப்பாக விழுந்திருக்கும். அந்தக் கறுப்பை மட்டும் வளைந்த கத்தியின் விளிம்பால் சுரண்டுங்கள்; தேங்காய்த் துருவல் போலச் சுருண்டு வரும். மீண்டும் கண்மை, மீண்டும் மூடல். பத்துப் பன்னிரண்டு சுற்று ஆகலாம். வேலை முடிந்ததும் சோப்புத் தண்ணீரால் எண்ணெய்ப் பிசுக்கை ஒரு துளி இல்லாமல் கழுவ வேண்டும். இல்லையென்றால் பசை பிடிக்காது.

இந்த வேலைக்குச் சுழலும் மின்கருவி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. வேகத்தில் பிளாஸ்டிக் உருகி முனையில் சுற்றிக்கொள்ளும். ஒரு நொடியில் சுவர் ஓட்டையாகும். வெர்னியர் காலிபரால் அளந்துகொண்டே போங்கள். 0.5 மில்லிமீட்டருக்கு வந்ததும் நிறுத்துங்கள். ஓட்டை விழுந்துவிட்டால் பதற வேண்டாம்: உள்பக்கம் மெல்லிய பிளாஸ்டிக் தகடு ஒன்றை ஒட்டி, வெளிப்பக்கக் குழியைச் சூப்பர் குளூவும் முகப்பவுடரும் குழைத்து நிரப்பித் தேய்த்துவிடலாம்.

### எல்லாம் செய்தும் மூடவில்லை

சுவர் 0.5-க்கு வந்துவிட்டது, தரை மெலிந்துவிட்டது, இன்னும் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்றால் உறையை எடுத்துப் படியுங்கள். எந்த நிறுவனத்தின் எந்தக் கிட்டுக்கு என்று அதில் எழுதியிருக்கும். 1/48 மிக்-21 என்பது மட்டும் போதாது. ஒரு நிறுவனக் கிட்டுக்குச் செய்தது இன்னொன்றின் உடலில் உட்காராது. தவறான கிட்டுக்கானது என்றால் அதோடு போராடாமல், உரிய கிட்டுக்கு எடுத்து வைத்துவிடுங்கள்.

சரியான கிட்டுதான் என்றால் கடைசி வழி ஒன்று உண்டு. காக்பிட் தரையை நீளவாக்கில் நடுவே மெல்லிய ரம்பத்தால் அறுத்து, ரம்பம் தின்ற அகலம் குறைய மீண்டும் ஒட்டுவது. வெட்டு இருக்கைக்கு அடியில் மறைந்துவிடும். நான் இதை இரண்டு முறை செய்திருக்கிறேன். கைப்பழக்கம் இல்லாதவர் முதல் முறையாக விலையுயர்ந்த பாகத்தில் இதைச் செய்ய வேண்டாம். பழகியவர் ஒருவரிடம் மாடலைக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

ஒன்று மட்டும் எப்போதும் செய்யாதீர்கள். விரலால் அழுத்திப் பிடித்தால் மூடுகிறதே என்று அழுத்தியபடியே ஒட்டாதீர்கள். உள்ளே இருக்கும் இறுக்கம் போகாது. சித்திரை வெயிலில் அலமாரி சூடேறும் ஒரு நாளில் முதுகுத் தையல் விரிந்து, மேலே பூசிய பெயின்ட்டோடு பிளந்துகொள்ளும்.

## ஊற்றுக்கட்டியிலிருந்து பிரிக்கும்போது பாகம் உடைகிறது

வெட்டுக்கருவி தவறு. கிட்டின் பிளாஸ்டிக் சட்டத்தை வெட்டும் இடுக்கிக் கத்தரி ரெசினை அறுப்பதில்லை, நசுக்குகிறது. நசுக்கியதும் விரிசல் பாகத்துக்குள் ஓடும். மெல்லிய பல் ரம்பம் போதும். ரம்பத்தைப் பாகத்தின் கோட்டில் வைக்காமல், அரை மில்லிமீட்டர் கட்டிப் பக்கம் தள்ளி அறுத்து, மீதியைத் தேய்த்து எடுங்கள்.

முப்பரிமாண அச்சில் வந்த பாகம் இன்னும் நொறுங்கும் தன்மை உடையது. அதன் தாங்குகால்களை வெட்டும் முன் வெதுவெதுப்பான நீரில் ஒரு நிமிடம் போட்டு எடுத்தால் சற்று இளகும். பாகத்தை ஒட்டியே வெட்டாமல், காலின் நடுவில் முதலில் வெட்டிப் பாரம் குறைத்துக்கொண்டு பிறகு நெருங்குங்கள். தொட்டால் பிசுபிசுக்கிறது என்றால் அது முழுவதும் இறுகவில்லை. கையுறை போட்டுக்கொண்டு ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் கழுவி, உலர்த்தி, சிறிது நேரம் வெயிலில் வையுங்கள். இறுகாத ரெசின் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும்.

உடைந்த துண்டு கிடைத்துவிட்டால் அதே முறிவோடு சேர்த்துச் சூப்பர் குளூ ஒரு பொட்டு. கிடைக்கவில்லையென்றால் நெம்புகோல் போன்றவற்றைச் செப்புக் கம்பியில் செய்துவிடலாம். ரெசினைவிட அழகாகவே இருக்கும்.

## ஒட்டிய பாகம் சில நாளில் கழன்று விழுகிறது

எந்தப் பசை? டாமியா எக்ஸ்ட்ரா தின் போன்ற மாடல் பசைகள் பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக்கைக் கரைத்து இணைப்பவை. ரெசினை அவை கரைப்பதில்லை. ஒட்டியது போல இருக்கும், உலர்ந்ததும் விழும். ரெசினுக்குச் சூப்பர் குளூ அல்லது எபாக்ஸி (இரண்டு குழம்புகளைக் கலந்து பூசும் பசை), இரண்டில் ஒன்றுதான்.

கழுவினீர்களா? விழுந்த பாகத்தின் அடியைப் பாருங்கள். பசை முழுவதும் பிளாஸ்டிக்கில் தங்கி, ரெசின் பக்கம் பளபளவென்று சுத்தமாக இருந்தால், அச்சிலிருந்து எளிதாகக் கழல்வதற்குப் பூசிய வழுக்குப் பொருள் இன்னும் ரெசினில் இருக்கிறது. பாத்திரம் கழுவும் திரவமும் வெதுவெதுப்பான நீரும் விட்டு, பழைய பல்துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். சின்னப் பாகங்களை வடிகட்டியில் போட்டுக் கழுவினால் சாக்கடைக்குப் போகாது. பெயின்ட் செதிலாக உரிவதற்கும் காரணம் இதே வழுக்கல்தான். கழுவி, பிரைமர் என்னும் அடிப்பூச்சு அடித்து, அதன் மேல் நிறம் பூசினால் உரியாது.

பரப்பு வழவழப்பாக இருக்கிறதா? இரு பக்கமும் 320 எண் உப்புத்தாளால் கீறிவிடுங்கள்.

பசை பழையதா? சூப்பர் குளூ காற்றின் ஈரத்தால் இறுகுவது. கடலோர ஊர்களில் திறந்த குப்பி வெகு சீக்கிரம் கெட்டுப்போகிறது. திறக்காத குப்பியைச் சிலிக்கா ஜெல் பையோடு மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கலாம். அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும்.

பாகம் கனமானதா, வெளியே துருத்தி நிற்பதா? அப்படியானால் வெறும் பசையை நம்பாதீர்கள். இரு பக்கமும் 0.5 மில்லிமீட்டர் துளையிட்டு பித்தளைக் கம்பி ஒன்றை ஆணியாகச் செருகி, எபாக்ஸியில் ஒட்டுங்கள். சூப்பர் குளூ இழுவையைத் தாங்கும். பக்கவாட்டில் ஒரு தட்டு தட்டினால் விட்டுவிடும்.

கோணலாக ஒட்டிவிட்டதைப் பிரிக்க வேண்டுமானால் அசிட்டோன் ஊற்றாதீர்கள். சூப்பர் குளூவோடு உங்கள் பிளாஸ்டிக் உடலும் கரையும். மாடலை ஒரு மணி நேரம் உறைபெட்டியில் வைத்து எடுத்தால் பசை நொறுங்கும் பதத்துக்கு வரும். கத்தி முனையை இடுக்கில் கொடுத்து நெம்பினால் பெரும்பாலும் பிரிந்துவிடும்.

சிந்திய சூப்பர் குளூவைப் பருத்தித் துணியால் துடைக்கக் கூடாது. பருத்தியில் பட்டதும் கடுமையாகச் சூடேறித் தோலைச் சுடும். விரல்கள் ஒட்டிக்கொண்டால் வெதுவெதுப்பான சோப்பு நீரில் ஊறவைத்து மெல்லப் பிரிக்கலாம். கண்ணில் பட்டாலோ இமைகள் ஒட்டினாலோ இழுக்காமல், தண்ணீரால் கழுவியபடி நேரே கண் மருத்துவரிடம் போய்விடுங்கள். இதில் வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

## பாகம் வளைந்திருக்கிறது

பெட்டியிலேயே வளைந்து வந்ததா, பொருத்திய பிறகு வளைந்ததா?

பெட்டியில் வளைந்து வந்தது கவலைக்குரியது அல்ல. கொதித்து இறக்கிச் சில நிமிடம் ஆறிய நீரில் இடுக்கியால் பிடித்து அரை நிமிடம் வையுங்கள். இளகியதும் கண்ணாடியின் மேல் வைத்து நேராக்கி, அந்த நிலையிலேயே குளிர்ந்த நீரில் அமிழ்த்துங்கள். அடுப்பு நெருப்பும் அனல்காற்றுத் துப்பாக்கியும் வேண்டாம். அச்சிட்ட பாகம் என்றால் ஒரே மூச்சில் நிமிர்த்தாமல், இரண்டு மூன்று தடவையாகக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்துங்கள்.

பொருத்திய பிறகு வளைந்தது சக்கரக் கால் என்றால் அதை நிமிர்த்திப் பயனில்லை. மாடலின் கனத்தில் மீண்டும் வளையும். கிட்டின் பிளாஸ்டிக் காலுக்குத் திரும்புங்கள். அல்லது உலோகக் கால் வாங்குங்கள். உங்கள் கிட்டுக்கு உலோகக் கால் விற்பனையில் இல்லையென்றால், தெருவிலிருக்கும் பொற்கொல்லரிடம் பிளாஸ்டிக் காலை மாதிரியாகக் கொண்டுபோங்கள். பித்தளைக் குழாயும் கம்பியும் கொடுத்தால் வெள்ளிப் பற்று வைத்து இணைத்துத் தருவார். எங்கள் ஊரில் ஒரு பெரியவர் எனக்கு இரண்டு ஜோடி செய்து கொடுத்தார். கண்ணில் உருப்பெருக்கியை வைத்துக்கொண்டு, முழங்கால் இணைப்பின் கோணத்தை என்னைவிட அக்கறையாகச் சரிபார்த்தார். அந்த விமானங்கள் இன்றும் நிமிர்ந்து நிற்கின்றன.

## பிரைமர் அடித்ததும் ஊசித் துளைகள் தெரிகின்றன

வார்ப்பில் அகப்பட்ட காற்றுக் குமிழிகள். தேய்க்கும்போது அவற்றின் வாய் திறந்திருக்கும். ஊசி முனையில் சூப்பர் குளூ எடுத்துத் துளைக்குள் தொட்டு வைத்து, அரை மணி நேரத்துக்குள் தேய்த்துவிடுங்கள். ஒரு நாள் விட்டால் சுற்றியுள்ள பரப்பைவிடக் கடினமாகிவிடும். தேய்த்தால் சுற்றுப்புறம் பள்ளமாகிப் பசை மட்டும் மேடாக நிற்கும்.

துளை விளிம்பில் இருந்தால், அதாவது சக்கரத்தின் ஓரம், இருக்கையின் மூலை போன்ற இடத்தில் இருந்தால், பவுடர் குழைத்த பசையைச் சற்று மிகையாக வைத்துச் செதுக்க வேண்டும். பாகம் முழுவதும் நுரைத்த ரொட்டி போல இருந்தால் செதுக்கி நேரத்தை வீணாக்காதீர்கள். எதையும் வெட்டும் முன் படம் எடுத்து விற்றவருக்கு அனுப்பி மாற்றிக் கேளுங்கள். வெட்டிவிட்ட பாகத்தை யாரும் மாற்றித் தருவதில்லை.

## சக்கரம் அச்சில் ஏறவில்லை

துளையில் ரெசின் அடைத்திருக்கும், அல்லது அச்சின் பெயின்ட் தடிமன். துளையைக் கையால் திருகும் துளைப்பானில் 0.1 மில்லிமீட்டர் வீதம் பெரிதாக்குங்கள். அச்சை மெலிக்க வேண்டாம். விமானத்தின் பாரம் முழுவதும் அதன் மேல்தான்.

## காக்பிட் மூடியின் உள்பக்கம் வெள்ளையாகப் பூத்துவிட்டது

சூப்பர் குளூவின் ஆவி படிந்திருக்கிறது. மூடிய இடத்தில், ஈரமான நாளில், தாராளமாகப் பசை வைத்தால் இப்படி ஆகும். மழைக்காலத்தில் நான் காக்பிட் வேலையை முடித்த பிறகு ஒரு முழு நாள் திறந்து வைத்துவிட்டுத்தான் மூடியை வைக்கிறேன். மூடியை ஒட்டுவதற்கு வெள்ளைக் கோந்து போதும்.

கை எட்டுகிறதென்றால் மெருகேற்றும் பசையை மென்துணியில் தொட்டுத் தேய்த்தால் வெண்மை போகும். கை எட்டவில்லையென்றால் மூடியைக் கழற்றியாக வேண்டும். கோந்தில் ஒட்டியிருந்தால் ஈரத்தில் இளகிவிடும். சூப்பர் குளூவில் ஒட்டியிருந்தால் நெம்பும்போது மூடி விரிசல் விடக்கூடும். அதனால் மாற்று மூடி ஒன்று கையில் வந்து சேரும் வரை தொடாதீர்கள்.

மூடியைத் திறந்த நிலையில் வைக்கப் போகிறவர்கள் கீலின் பக்கத்தை ஒருமுறை சரிபாருங்கள். மிக்-21-இன் தொடக்க வகைகளில் மூடி முன்பக்கக் கீலில் திறக்கும். பிஎஃப்எம் வகை முதல் வலப்பக்கமாகத் திறக்கும். தவறான பக்கத்தில் ஒட்டிவிட்டுப் பிரிப்பதும் இந்தக் கோளாற்றில்தான் வந்து சேரும்.

## விமானம் வாலில் உட்காருகிறது

ரெசின் எக்ஸாஸ்ட் கிட்டின் பாகத்தைவிடக் கனமானது. அதுவும் வாலின் கடைசியில் இருக்கிறது. உடலை மூடும் முன்பே இதைச் சோதிக்க வேண்டும். எல்லாப் பாகங்களையும் டேப்பால் கட்டி, பின்சக்கரங்கள் வரும் இடத்துக்கு நேரே அடியில் ஒரு பென்சிலைக் குறுக்கே வையுங்கள். மூக்கின் மேல் தூண்டில் ஈயக்குண்டுகளை ஒவ்வொன்றாக ஏற்றுங்கள். மூக்கு தாழ்ந்ததும் நிறுத்தி, இன்னும் ஒரு குண்டைக் கூட்டிக்கொள்ளுங்கள்.

மிக்-21-இல் மூக்குக் கூம்பு குண்டுகளுக்கு நல்ல இடம். குண்டுகளை எபாக்ஸியில்தான் பதிக்க வேண்டும். வெள்ளைக் கோந்தில் பதித்தால் அதிலிருந்து வெளிவரும் அசிட்டிக் அமிலம் ஈயத்தை அரித்து வெண்பொடியாக்கும். பொடி பருத்து, சில ஆண்டுகளில் மூக்கையே பிளந்துவிடும். ஈயத்தைத் தொட்ட கையைக் கழுவிவிட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

உடலை மூடிய பிறகு தெரிந்ததா? கூம்பை இன்னும் ஒட்டவில்லையென்றால் வேலை எளிது. ஒட்டிவிட்டீர்களென்றால் முன்சக்கரக் குழியின் முன்சுவரில் மூன்று மில்லிமீட்டர் துளையிட்டு, சன்னக் குண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டு, மூக்கைக் கீழ்நோக்கிப் பிடித்தபடி நீர்த்த எபாக்ஸியை ஊற்றி, அப்படியே ஒரு இரவு நிறுத்தி வையுங்கள். குண்டு ஏறிய மூக்கை முன்சக்கரக் கால் தாங்குமா என்பதை அடுத்த வாரமும் ஒருமுறை பாருங்கள். வளையத் தொடங்கியிருந்தால் மேலே சொன்ன பொற்கொல்லரிடம் மூன்றாவது காலையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டியதுதான்.